ஆறு பாகத்தில் ஓர் அடையாளம்

அறிவுச் சாளரம்



நம் வீட்டுப் பிள்ளைகளுள் பலர் இன்று கனடா நாட்டில் வாழ்கிறார்கள். அவர்கள் அனுப்பும் படங்களில், வெண்பனி மூடிய ஒரு பெருவெளியில் சிறு முக்காலி இட்டு அமர்ந்து, காலடியில் உள்ள ஒரு துளையையே உற்று நோக்கும் மனிதர்களை நீங்கள் கண்டிருக்கக்கூடும். அவர்கள் அமர்ந்திருப்பது வெட்டவெளி அன்று, உறைந்துபோன ஏரி. அவர்கள் செய்வது தூண்டில் மீன்பிடிப்பு. இம்முறை அந்தத் தொழிலில் உள்ள ஒரு சிறு நுட்பத்தைப் பற்றி எழுத எண்ணுகிறேன். நுட்பம் சிறிதே ஆயினும், அது எனக்குக் கற்பித்த பாடம் சிறிதன்று.

சென்ற குளிர்காலத்தில் டொரொண்டோ நகரில் வாழும் என் மகள் வீட்டில் சில வாரங்கள் தங்கியிருந்தேன். ஒரு விடுமுறை நாளில் மருமகன் என்னையும் பேரனையும் அழைத்துக்கொண்டு சிம்கோ ஏரிக்குப் புறப்பட்டார். டொரொண்டோவுக்கு வடக்கே ஏறத்தாழ ஒரு மணி நேரப் பயணம். 722 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள அந்த ஏரியின் மிக ஆழமான இடம், கெம்பென்ஃபெல்ட் விரிகுடாவில் 41 மீட்டர். குளிர்காலத்தில் அதன்மீது குடில்கள் முளைத்து ஒரு சிற்றூரே உருவாகிவிடுகிறது.

நீரின்மேல் நடப்பதற்கு என் கால்கள் தயங்கின. மருமகன் விளக்கினார்: "மாமா, தெளிந்த புதுப் பனிக்கட்டி நான்கு அங்குலக் கனம் இருந்தால் ஒருவர் நடந்து செல்லலாம். வெண்மையாகத் தோன்றும் பனிக்கட்டிக்கு வலிமை பாதிதான். அதற்கு இரு மடங்கு கனம் வேண்டும். இங்கே பதினாறு அங்குலம் இருக்கிறது." அதன்பின் துணிந்து நடந்தேன்.

துளையிடும் கருவி கொண்டு ஒரு சாண் அகலத்துக்குத் துளையிட்டார்கள். நீரில் மிதக்கும் பனித்துகள்களை, நம் வீடுகளில் பூந்தி தேய்க்கும் கரண்டியைப் போன்ற ஓர் ஓட்டைக் கரண்டியால் அள்ளி எறிந்தார்கள். உள்ளே எட்டிப் பார்த்தேன். கருமையைத் தவிர வேறொன்றும் தெரியவில்லை.

அந்தக் கருமைக்குள் நிகழும் விந்தையை முதலில் அறிந்துகொள்வோம். நீர் 4 டிகிரி செல்சியஸ் வெப்பநிலையில்தான் மிகுந்த அடர்த்தி கொண்டிருக்கிறது. அதனினும் குளிர்ந்த நீர் இலேசாகி மேலே வருகிறது, மேலேயே உறைகிறது. எனவே பனிக்கட்டியை ஒட்டிய நீர் பூச்சியம் டிகிரியை நெருங்கியிருக்க, அடியில் உள்ள நீர் அதைவிடச் சற்று வெதுவெதுப்பாக இருக்கிறது. பனிக்கட்டிக் கூரையின் கீழே மீன்கள் உயிர் வாழ்வது இதனாலேயே. ஆனால் அவை எல்லா ஆழத்திலும் பரவி நிற்பதில்லை. பேர்ச் என்னும் மஞ்சள் மீன் பெரும்பாலும் தரையை ஒட்டி இரை தேடும். ஹெர்ரிங் என்று அங்குள்ளோர் அழைக்கும் வெள்ளி நிற மீன், மிதக்கும் நுண்ணுயிர்களை உண்டபடி நடுநீரில் கூட்டமாய்த் தொங்கி நிற்கும். குளிர்காலத்தின் பிற்பகுதியில், அடியில் மக்கும் பொருள்கள் உயிர்வளியை உண்டு தீர்த்துவிடுமாயின், தரை மீன்களும் சற்று மேலேறிவிடும்.

ஆகவே துளையிடுவது எளிது. இரை எந்த ஆழத்தில் நிற்க வேண்டும் என்பதே கேள்வி.

என் பேரனுக்கு வயது பதினொன்று. தூண்டிலை மனம்போன போக்கில் இறக்கினான். நற்பேறாகச் சிறிது நேரத்திலேயே ஒரு ஹெர்ரிங் சிக்கியது. "அப்பா! அப்பா!" என்று கூவினான். தந்தையை வாப்பா என்றும் பாட்டனாரை அப்பா என்றும் அழைப்பது எங்கள் கடற்கரை ஊர் வழக்கம். மீனைக் கழற்றினோம்; பாராட்டினோம்; படம் எடுத்தோம். தூண்டில் மீண்டும் உள்ளே சென்றது.

அதன்பின் ஒரு மணி நேரம் எதுவும் நிகழவில்லை. அருகிலிருந்த துளையில் ஒரு முதியவர் ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு மீன்களை எடுத்தார். எங்கள் பையன் சிணுங்கினான்: "அதே துளை, அதே இரை, அதே தூண்டில். இப்போது மட்டும் ஏன் வரவில்லை?"

முதியவர் எழுந்து வந்தார். எழுபதைக் கடந்தவர், பின்லாந்திலிருந்து குடியேறிய குடும்பத்தினர் எனப் பின்னர் அறிந்தோம். பையனிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "முதல் மீன் எந்த ஆழத்தில் கடித்தது?"

பையன் விழித்தான்.

"தெரியாதா? அப்படியானால் நீ மீனைப் பிடித்தாய், இடத்தைத் தவறவிட்டாய்" என்றார் அவர்.

அங்கே ஏரியின் ஆழம் இருபது மீட்டர். மீன் கூட்டம் நின்றதோ ஒரு மீட்டர் கனமுள்ள ஓர் அடுக்கில். மேலும், இத்தகைய மீன்கள் தமக்கு மேலே உள்ளதை எளிதில் காணும். கீழே தொங்கும் இரையைப் பெரும்பாலும் பொருட்படுத்தா. எனவே இரை மீனுக்கு ஒரு முழம் மேலே நிற்பது நலம். ஒரு முழம் கீழே சென்றாலோ வீண். அளவு தெரியாமல் இறக்குபவன் நாள் முழுதும் வெறும் நீருக்கு விருந்து வைப்பவன்.

அன்று அவரிடமும் மருமகனிடமும் கேட்டறிந்த அடையாள முறைகளை இனி வரிசையாகக் கூறுகிறேன்.

முதலாவது, தரையைக் காண்பது. முள்ளின் நுனியில் ஒரு கனத்த குண்டைக் கவ்வவிட்டு இறக்குகிறார்கள். குண்டு தரையைத் தொட்டதும் நரம்பு தளர்கிறது. கை அதை உணர்கிறது. அடி சேறாக இருப்பின் மிகக் கனத்த குண்டு சேற்றில் புதைந்து பொய் சொல்லும். ஆதலால் அளவான கனம் வேண்டும். முன்னாளில் ஈயமே பயன்பட்டது. ஏரியில் விழும் ஈயத்துண்டுகளை நீர்ப்பறவைகள் விழுங்கி நஞ்சேறி மடிவதை அறிந்தபின், வேறு உலோகங்களை நாடுவோர் பெருகியுள்ளனர்.

இரண்டாவது, கையால் அளப்பது. இரு கைகளையும் விரித்து நரம்பை இழுத்து, ஒன்று, இரண்டு என எண்ணி இறக்குவது. செலவில்லாத முறை. ஆனால் தடித்த குளிராடை அணிந்த கை முழுமையாக விரியாது. சிறுவனின் ஆறும் பெரியவரின் ஆறும் ஒன்றல்ல. பேச்சுக்கிடையே எண்ணிக்கை தவறுவதும் உண்டு.

மூன்றாவது, மை. நீரில் கரையாத மைக்கோலால், மீன் கடித்த ஆழத்தில் நரம்பின்மீது விரற்கடை நீளத்துக்குக் கோடிடுவது. நரம்பு தடையின்றி ஓடும், எதிலும் சிக்காது. எனினும் மை நாளடைவில் மங்கும். மாலை வெளிச்சத்தில் கண்ணுக்குப் புலப்படாது. அவ்வப்போது புதுப்பிக்க வேண்டும்.

நான்காவது, நிறுத்து முடிச்சு. தனியாக ஒரு துண்டு நூலை எடுத்து, தூண்டில் நரம்பின்மீது சில சுற்றுகள் சுற்றி இறுக்குவது. நரம்பில் முடிச்சு விழுவதில்லை. நூல்தான் நரம்பைப் பற்றிக்கொண்டிருக்கிறது. விரலால் தள்ளினால் நகரும், தானாக நகராது. அதன் கீழே ஒரு சிறு மணியும், மணியின் கீழே வழுக்கி ஓடும் தக்கையும் இருக்கும். இரை இறங்கும்போது நரம்பு தக்கையினூடே ஓடி, முடிச்சு வந்து மணியில் முட்டியதும் நின்றுவிடும்.

குண்டு தரையில் இருக்கும்போது முடிச்சை நீர்மட்டத்துக்குக் கொணர்ந்தால், இரை சரியாகத் தரையில் கிடக்கும். தரைக்கு ஒரு முழம் மேலே நிற்க வேண்டுமாயின், முடிச்சை முள்ளின் பக்கமாக ஒரு முழம் நகர்த்த வேண்டும். சிறிய முடிச்சு ஆதலால் கோலின் வளையங்களில் நுழைந்து செல்லும். வளையங்களில் பனி படியும்போது மட்டும் சிக்கிக்கொள்ளும். அப்போது பனியை உடைத்துவிட வேண்டும். இம்முடிச்சை வீட்டிலேயே போட்டுக்கொண்டு வருவது அறிவுடைமை. ஏரியின்மீது விரல்கள் விறைத்துப்போகும்.

ஐந்தாவதாகக் கூறுவதே என் உள்ளம் கவர்ந்தது. துளையின் குறுக்கே வைக்கும் கொடித் தூண்டில் என்று ஒன்றுண்டு. அதன் நரம்புருளை நீருக்குள் அமிழ்ந்திருப்பதால் உறையாது. மீன் இரையை இழுத்ததும் மேலே ஒரு சிறு கொடி நிமிர்ந்து செய்தி சொல்லும். இதற்கு அடையாளம் யாது? சட்டைப் பொத்தான்! நம் இல்லத்தரசியர் தையல் பெட்டியில் கிடக்கும் அதே பொத்தான்தான். கயிற்றை அதன் ஒரு கண்ணில் நுழைத்து மறு கண் வழியே எடுத்துவிட்டால், அது கயிற்றைப் பற்றி நிற்கும். தள்ளினால் மட்டும் நகரும். இரை உரிய ஆழத்தில் நிற்கும்போது பொத்தானை உருளையின் அருகே தள்ளி வைப்பார்கள். மீன் கடித்துக் கயிற்றை எத்தனை தொலைவு இழுத்துச் சென்றாலும் கவலையில்லை. மீனைக் கழற்றியபின், பொத்தான் உருளையருகே வரும்வரை கயிற்றை இறக்கினால் போதும். இரை பழைய இடத்தில் நிற்கும்.

இவையன்றி, குறிப்பிட்ட தொலைவுக்கு ஒரு முறை நிறம் மாறும் நரம்புகள் விற்பனைக்கு உள்ளன. உருளையின் சுற்றுகளை எண்ணி ஆழத்தைக் காட்டும் கருவிகளும் உள்ளன. நரம்பு குறையக் குறையச் சுற்றின் அளவும் சிறுத்துவிடுவதால், இவ்வகைக் கருவியின் கணக்கு சற்றே பிசகும். மேலும் ஒலி அலையை அனுப்பி எதிரொலியைக் கொண்டு தரையையும் மீனையும் காட்டும் மின்கருவி இன்று பெருவழக்காகிவிட்டது. குளிர்ந்த நீரில் ஒலி வினாடிக்கு ஏறத்தாழ 1,400 மீட்டர் செல்லும். ஏழு மீட்டர் ஆழத்துத் தரையைத் தொட்டு அது திரும்ப வினாடியில் நூறில் ஒரு பங்கு போதும்! இக்கருவியில் மீனும் இரையும் ஒரே திரையில் தெரியும். ஆயினும் கடுங்குளிரில் மின்கலம் விரைவில் சோர்ந்துபோகும். அப்போது கைகொடுப்பது பொத்தானே.

எந்த முறையானாலும் இரண்டு எச்சரிக்கைகள் உண்டு. ஒன்று, அளவு எங்கிருந்து தொடங்குகிறது என்பதில் தெளிவு வேண்டும். மிதக்கும் பனிக்கட்டியின் பத்தில் ஒன்பது பங்கு நீருக்குள் இருப்பதால், பதினாறு அங்குலப் பனிக்கட்டியில் நீர்மட்டம் மேற்பரப்புக்கு மூன்று, நான்கு சென்டிமீட்டர் கீழே நிற்கும். ஒருவர் நீர்மட்டத்திலிருந்தும் மற்றொருவர் கையிலிருக்கும் கோல் நுனியிலிருந்தும் அளந்தால் இருவர் கணக்கும் ஒத்துப்போகா. மற்றொன்று, ஒரு துளையில் இட்ட தரைக்கணக்கு அடுத்த துளைக்குப் பொருந்தாது. பத்தடி தள்ளித் தரை மேடாகவோ பள்ளமாகவோ இருக்கலாம். துளை மாறினால் மீண்டும் குண்டை இறக்கித்தான் ஆக வேண்டும்.

இந்த அளவு மீன் பிடிப்பதற்கு மட்டுமே என்று எண்ண வேண்டாம். பிடிக்காமல் இருப்பதற்கும் அது தேவை. பத்து மீட்டர் ஆழத்தில் நீரின் அழுத்தம் மேற்பரப்பில் உள்ளதைப்போல் இரு மடங்கு. அங்கிருந்து விரைந்து இழுத்தால், மீனின் உடலுக்குள் இருக்கும் காற்றுப்பை இரு மடங்காக விரியும். பேர்ச் போன்ற மீன்களுக்கு அக்காற்றை வாய்வழியே விட்டுவிட வழியில்லை. உள்ளுறுப்புகள் நசுங்கும். சிறிய மீன் என்று இரங்கி மீண்டும் நீரில் விட்டாலும் பல பிழைப்பதில்லை. ஆகவே பிடித்தபின் விட்டுவிட எண்ணுவோர், அத்தகைய ஆழத்தில் தூண்டில் இடுவதையே தவிர்க்க வேண்டும். தன் இரை நிற்கும் ஆழம் அறியாதவனுக்கு இந்த இரக்கம் கைகூடுவது எங்ஙனம்?

இனி அந்த முதியவரிடம் வருவோம். தம் குளிராடையின் பையிலிருந்து ஒரு கறுப்புப் பொத்தானை எடுத்தார். தம் கைகளை அகல விரித்து எங்கள் கயிற்றை அளந்து இறக்கினார். ஆறாவது அளவில் நிறுத்திப் பொத்தானைக் கோத்தார். "என் தந்தை இப்படித்தான் அளப்பார். எங்கள் மொழியில் இந்த அளவுக்கு ஸூலி என்று பெயர். குழந்தையை அணைத்துக்கொள்ளும் மடிக்கும் அதே சொல்தான்" என்றார்.

நான் திடுக்கிட்டேன். விரித்த இரு கைகளின் அளவு! மன்னார் வளைகுடாக் கரையில் நாங்கள் அதைப் பாகம் என்போம். ஏறத்தாழ ஆறடி. ஆங்கிலேயர் ஃபேதம் என்று கூறும் அளவும் இதுவே. அச்சொல்லும் பழைய ஆங்கிலத்தில் விரித்த கைகளைக் குறித்ததுதான். பனியில் உறையும் ஏரியும் வெயிலில் கொதிக்கும் கடலும் மனிதனின் அதே இரு கைகளால் அளக்கப்பட்டிருக்கின்றன.

மாலுமிகளும் தம் அளவுக் கயிற்றில் அடையாளம் இட்டார்கள். ஆங்கிலேயக் கப்பல்களின் கயிற்றில் இரண்டாம் பாகத்தில் இரு தோல் நாடாக்கள். மூன்றில் மூன்று நாடாக்கள். ஐந்தில் வெள்ளைத் துணி. ஏழில் சிவப்புத் துணி. பத்தில் துளையிட்ட தோல். பதின்மூன்றில் நீலத் துணி. ஒவ்வொன்றும் வெவ்வேறு துணி, வெவ்வேறு தோல். காரணம், நள்ளிரவிலும் விரல் தொட்டறிய வேண்டும். மிசிசிப்பி ஆற்று நீராவிக் கப்பல்களில் இரண்டு பாக ஆழத்தை அறிவிக்கும் குரல் "மார்க் ட்வெய்ன்". 1859 இல் அந்த ஆற்றில் கப்பலோட்ட உரிமம் பெற்ற சாமுவேல் கிளெமென்ஸ் என்னும் இளைஞர், 1863 முதல் அக்குரலையே தம் புனைபெயராக்கி உலகப் புகழ் பெற்றார்.

இவற்றையெல்லாம் நூல்களில் படித்தவன் நான். ஆயினும் அன்று அந்தப் பனிவெளியில் நினைவுக்கு வந்தது நூலன்று. என் வாப்பாவின் கயிறு. எங்கள் வீட்டு முற்றத்தில் முளையில் சுற்றிக் கிடந்த கைத்தூண்டில் கயிற்றில், சில இடங்களில் பழந்துணி நூல் இறுகச் சுற்றியிருக்கும். ஓரிடத்தில் சிவப்பு, ஓரிடத்தில் கறுப்பு. சிறுவனாய் இருந்தபோது அவற்றை நகத்தால் நிமிண்டி விளையாடி, வாப்பாவிடம் திட்டு வாங்கியிருக்கிறேன். எந்தப் பாரில் எத்தனை பாகத்தில் எந்த மீன் நிற்கும் என்பதை அவர் விரல்கள் அறிந்திருந்தன. அந்த நூல் எதற்கு என்று நான் ஒரு நாளும் கேட்டதில்லை. பள்ளிக்கூடத்தில் உலகப் படம் வரைந்துகொண்டிருந்தேன். வாப்பா மறைந்தபின் அந்தக் கயிறு கொல்லையில் கிடந்து மக்கிப்போயிற்று. அவர் அறிந்த ஆழங்களுள் ஒன்றேனும் இன்று எனக்குத் தெரியாது.

முதியவர் பையனிடம் சொன்ன சொல் என்னை நோக்கியும் சொல்லப்பட்டதாகவே உணர்ந்தேன்: மீனைப் பிடித்தாய், இடத்தைத் தவறவிட்டாய்.

பொத்தான் கோத்தபின் அரை மணி நேரத்தில் கொடி நிமிர்ந்தது. பையன் ஓடிச் சென்று கயிற்றை இழுத்தான். வெள்ளியாய் மின்னிய மீனைக் கழற்றியதும், படம் எடுக்கவும் காத்திராமல், பொத்தான் உருளையருகே வரும்வரை கயிற்றைக் கவனமாக இறக்கினான். பிறகு என்னைப் பார்த்துக் கேட்டான்: "அப்பா, பாகம் என்றால் என்ன?"

வீடு திரும்பும் வழி முழுதும் அவனுக்கு நான் அறிந்ததைக் கூறினேன். நான் அறிந்தது எத்துணைக் குறைவு என்பதும் அப்போதுதான் தெரிந்தது.

வாசகப் பெருமக்களே! உங்கள் இல்லங்களில் தொழில் அறிந்த மூத்தோர் இருக்கக்கூடும். வலை பின்னியவர், பாய் நெய்தவர், முத்துக்குளித்தலைக் கண்டவர், மசாலை அளவைக் கைப்பிடியால் அறிந்த மூதாட்டியர். அவர்கள் விரல் அறிந்த அளவுகளை அருகமர்ந்து கேளுங்கள். ஒரு குறிப்பேட்டில் எழுதி வையுங்கள். அந்த அளவுகளுக்கு ஒரு பொத்தானைக் கோத்து வைக்க வேண்டியது நம் பொறுப்பு.